அக்கா வீட்டுச் சுவருக்கு என்ன மாட்டலாம்? – மட்டக்களப்புப் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, கல்லடி

அக்காவின் புது வீட்டுக்கு ஆவணியில் குடிபூரல். பூச்சு வேலை முடிந்து, வெள்ளை அடித்து, சுவர்களெல்லாம் மொட்டையாக நிற்கின்றன. "நீதானே படம் கீறுறவள், வந்து பாத்து என்ன மாட்டுறதெண்டு சொல்லுகா" என்று போன் எடுக்கும்போதெல்லாம் இதே பேச்சு. சரி என்று லீவு போட்டுவிட்டு உதயதேவி ரயிலில் ஏறிவிட்டேன்.

கொழும்புக் கோட்டையில் காலையில் ஏறினால் பின்னேரம் மட்டக்களப்பு. பொலன்னறுவை தாண்டியதும் வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை என்று ஒவ்வொரு ஸ்டேசனாக வெக்கை கூடிக்கொண்டே வரும். வைகாசி மாதம், கச்சான் காற்று தொடங்கிவிட்டது. யன்னலோரம் இருந்து முகம் காய்ந்ததுதான் மிச்சம். என் பையில் ஒரு போத்தல் இருந்தது. துருப்பிடித்த இரும்புத் துண்டும் சக்கரையும் தண்ணீரும் போட்டு வெயிலில் புளிக்க வைத்த கறுப்பு மை, கலம்காரி என்ற துணிச் சித்திரம் கீறுவதற்கு. மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைக்காவிட்டால் வாயு அடைத்து வெடிக்கும், தளர்த்தினால் மணக்கும். எதிரே இருந்த ஒரு அம்மா நெடுநேரம் மூக்கைச் சுளித்துப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, பையில கள்ளா வெச்சிரிக்கிற?" என்று கேட்டே விட்டார். ஏறாவூர் வரும்வரை அவருக்குக் கலம்காரி பற்றி வகுப்பு எடுத்தேன். நம்பினாரா தெரியாது.

கல்லடிப் பாலத்தை ஓட்டோவில் தாண்டும்போது வாவியில் வெளிச்சம் இருந்தது. 2013இல் திறந்த புதுப் பாலத்தில் வாகனங்கள், பக்கத்தில் பழைய இரும்புப் பாலத்தில் காற்று வாங்க வந்த சனம். அக்கா வீடு கடற்கரைப் பக்கம். சுனாமியில் கோபுரம் சாய்ந்த திருச்செந்தூர் முருகன் கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம்.

அத்தானும் சும்மா இருக்கவில்லை. ஏற்கெனவே ஒரு கடையில் பார்த்துப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். கன்வஸ் துணியில் அச்சடித்த 'மதுபனி' மயில். மூன்று துண்டாகப் பிரித்து மூன்று சட்டகத்தில். ஹோலில் சோபாவுக்கு மேலே மாட்ட அளவெடுத்தும் விட்டார். நாளை பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறேன். பிட்டும் சுறாப் பாலாணமும் வயிற்றில் இருக்கும்போது சண்டை பிடிக்க முடியாது.

சனி, கல்லடி

காலையில் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஹோலின் பெரிய சுவர் மேற்குப் பக்கம். எதிர்ச் சுவரில் கிழக்கு யன்னல்கள், கடல் வெயில் பத்து மணி வரை நேரே அடிக்கிறது. சாமியறை சின்னது, இருட்டு. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒடுக்கமான ஒரு சுவர். முன்னால் குந்து வைத்த விறாந்தை.

அத்தானின் மயிலுக்கு வருகிறேன். மதுபனி எனக்கு மிகவும் பிடித்த வகை, அதனால்தான் அந்த மூன்று துண்டு எனக்குப் பிடிக்கவில்லை. பீகாரின் மிதிலைப் பகுதியில் அது வீட்டுச் சுவரில் பெண்கள் கீறியது. புது மாப்பிள்ளை பெண் தங்கும் அறைச் சுவரில் தாமரைக் கொடி, மூங்கில், மீன், கிளி, ஆமை, சூரியன், சந்திரன் எல்லாம் வரும். அந்த அறைக்குக் 'கோபர்' என்று பெயர். பிள்ளை குட்டியோடு குடும்பம் தழைக்க வேண்டும் என்பதற்கான கீறல் அது. 1934 நிலநடுக்கத்தில் சுவர்கள் இடிந்து வீட்டின் உட்புறம் வெளியே தெரிந்தபோதுதான் வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி இதைக் கண்டு படம் எடுத்தார். 1960களின் நடுவில் அங்கே கடும் வறட்சி. அப்போது பெண்களுக்கு வருமானம் வரட்டும் என்று இந்தியக் கைவினை வாரியம் கடதாசியைக் கொடுத்து வரையச் சொன்னது. சுவர் கடதாசிக்கு வந்தது அப்படித்தான். அவர்களில் ஒருவரான ஜகதம்பா தேவிக்கு 1975இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போது விசயம். மதுபனியில் ஓரம் முக்கியம். இரட்டைக் கோடு போட்டு, அதற்குள் பூவோ மீனோ நிரப்பி, நாலு பக்கமும் வேலி கட்டிவிட்டுத்தான் உள்ளே கீறுவார்கள். உள்ளே வெறும் இடம் விடமாட்டார்கள். மயிலுக்கும் மரத்துக்கும் இடையில் மிச்சமிருக்கும் இடத்திலும் ஒரு பூவோ புள்ளியோ விழும். அதை மூன்றாக வெட்டி இடையில் நாலு அங்குலம் வெள்ளைச் சுவரைக் காட்டினால், வேலியும் போச்சு, நிரப்பலும் போச்சு. இதை அத்தானிடம் சொன்னேன். "அப்ப ஒரே துண்டா வாங்குவம்" என்றார். மனிதர் வழிக்கு வருகிறார்.

அக்காவுக்கு வேறு யோசனை. அவள் போனில் பார்த்தது வார்லி: மகாராஷ்டிரப் பழங்குடி மக்களின் குச்சி மனிதர்கள், வட்டமாகக் கைகோத்து ஆடுவது. விறாந்தைச் சுவரில் கீறித் தரச் சொல்கிறாள். சாணியும் செம்மண்ணும் மெழுகிய சுவரில், அரிசி மாவைத் தண்ணீரிலும் பிசினிலும் கரைத்து, நுனி மென்ற மூங்கில் குச்சியால் கீறுவது வார்லி. இரண்டு முக்கோணம் நுனியில் சந்தித்தால் ஒரு உடம்பு. அந்தச் செம்மண் நிறம்தான் அதன் பாதி உயிர். வெள்ளைச் சுவரில் கறுப்புப் பெயின்டால் கீறினால் பொதுக் கழிப்பறைக் கதவில் இருக்கும் ஆண் பெண் படம் மாதிரித்தான் தெரியும் என்று சொன்னேன். கோவித்துக்கொண்டு தேங்காய் திருவப் போய்விட்டாள். விறாந்தைச் சுவரை மட்டும் செங்காவி அடிக்கச் சம்மதித்தால் கீறித் தருகிறேன் என்று பின்னால் போய்ச் சமாதானம் பேசினேன்.

மத்தியானம் படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று தெளிவானது. பீகாரில் அந்தச் சித்திரம் கலியாண அறைக்கு. மகாராஷ்டிரத்தில் இதுவும் கலியாணத்துக்கும் அறுவடைக்கும். ஒவ்வொன்றும் வீட்டில் ஒரு இடத்துக்கு, ஒரு காரியத்துக்கு என்று பிறந்தது. நாங்கள்தான் சோபாவின் நிறத்துக்குப் பொருந்துமா என்று பார்க்கிறோம். எங்கள் ஊரில் வீட்டுச் சுவரில் சித்திரம் கீறும் வழக்கத்தை நான் கண்டதில்லை. சாமிப்படம், கலண்டர், கலியாணப் படம், பட்டமளிப்புப் படம், இறந்தவர்களின் படம். எங்கள் வீட்டுச் சுவர்கள் அவ்வளவுதான். ஆனால் நிறத்துக்குப் பஞ்சமில்லை. கூத்து உடுப்பில் இருக்கிறது, கோயில் திரையில் இருக்கிறது, பாயில் இருக்கிறது, தறியில் இருக்கிறது. மாட்டுவதற்கு முதல் அதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று அக்காவிடம் சொன்னேன். "சுத்துறதுக்கு ஒரு சாட்டு" என்றாள். அதுவும்தான்.

ஞாயிறு, படுவான்கரை

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சின்ன வயதில் அம்மாவோடு மண்முனையில் பாதை ஏறித்தான் அக்கரை போவோம் (வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம்). 2014இல் பாலம் திறந்தபின் அத்தானின் மோட்டார் சைக்கிளில் கண் மூடித் திறக்குமுன் போய்விடலாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டோம். புல்லுத் தின்ற கல் நந்தியின் கதையை அத்தான் எனக்கே திரும்பச் சொன்னார், நான்தான் அவருக்கு முதலில் சொன்னது.

அங்கிருந்து உள்ளே, வயல் வெளிகளுக்கு நடுவில் ஒரு கிராமம். அம்மாவின் வழியில் எங்களுக்குப் பெரியம்மா முறையான ஒருவரின் வீடு. அவருடைய புருசன் கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்தவர், இப்போது இல்லை. மத்தளமும் உடுப்புப் பெட்டியும் இருக்கின்றன. "வாங்க மனே, இரிங்க" என்று பாயை விரித்தார் பெரியம்மா. தேத்தண்ணியோடு தயிரும் சக்கரையும் வந்தன. இந்தப் பக்கத்து எருமைத் தயிரைச் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்பார்கள். கவிழ்த்துப் பார்க்கவில்லை, வழித்துச் சாப்பிட்டோம்.

உடுப்புப் பெட்டியைத் திறக்கக் கேட்டேன். மகன்தான் தூக்கி வந்தார், எனக்கு அண்ணன் முறை. வயல்காரர், கூத்திலும் ஆடுபவர். எங்கள் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. மேலே இருந்தது வடமோடி அரசனின் கரப்புடுப்பு. அதற்குள் விரிந்து நிற்கச் சட்டம் கட்டுவார்கள்; போட்டுக்கொண்டு இரவு முழுக்க வட்டக்களரியில் ஆடுவது லேசான காரியம் இல்லை. தென்மோடிக்கு வில்லுடுப்பு, அது வேறு அமைப்பு. அடியில் துணி சுற்றி வைத்திருந்த முடி, அரசன் தலையில் வைக்கும் கிரீடம்.

முடியை மடியில் வைத்துக் கனநேரம் பார்த்தேன். பாரம் இல்லாத மரத்தில் வெட்டிய சட்டம். முன்பக்கம் நடுவில் ஒரு பெரிய வட்டக் கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றிப் பூவிதழ்கள், இதழுக்கு இதழ் நிறம் மாறுகிறது: சிவப்பு, பச்சை, மஞ்சள், திரும்பச் சிவப்பு. ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் வெள்ளைப் புள்ளி வரிசை. புள்ளிகள் ஒரே அளவில் இல்லை. குச்சியைப் பெயின்டில் தோய்த்து வைத்துக்கொண்டே போனவர் தோய்க்கும்போது பெரிதாகவும் காயக் காயச் சின்னதாகவும் விழுந்திருக்கிறது, திரும்பத் தோய்த்ததும் திரும்பப் பெரிது. அதனால் அந்த வரிசை நின்ற இடத்தில் நிற்காமல் ஓடுகிறது. காதோரம் சிவப்பு உரிந்த இடத்தில் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ஏதோ காவி. ஒவ்வொரு அரங்கேற்றத்துக்கும் மேலே மேலே பூசியிருக்கிறார்கள்.

"ஏன் இவ்வளவு கண்ணாடி?" என்று கேட்டேன்.

"முந்தி பந்தம், பிறகு பெற்றோமாக்ஸ்" என்றார் அண்ணன். "ஆள் சுத்தி ஆடக்குள்ள தூரத்தில இரிக்கிறவனுக்கும் ராசா வாறது தெரியணும். இப்ப லைட் போட்டு ஆடுறம், கண்ணாடி அவ்வளவு எடுபடாது."

வீட்டு அலங்காரம் பற்றி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்த நிறங்கள் எல்லாம் ஆடுகிற சுடருக்காக, அசைகிற தலைக்காக வைக்கப்பட்டவை. டியூப் லைட்டுக்கு நேர் கீழே மாட்டினால் இதே முடி கண்ணைக் குத்தும். குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அல்லது மஞ்சள் பல்பு ஒன்று பக்கவாட்டில் அடிக்கும் இடத்தில் வைத்தால்தான் அது என்னவென்று தெரியும்.

அத்தான் மெதுவாக விலை கேட்டார். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். பெரியம்மா சிரித்தார். "அது அடுத்த வருசம் ஆடுறதுக்கு வேணும் மனே." பேச்சு அங்கே முடிந்தது. கூத்துப் பழகத் தொடங்கும்போது ஆடுகிறவர்களுக்குச் சட்டம் (அவரவர் பாட்டுப் பிரதி) கொடுப்பதும், பிறகு சலங்கை கட்டுவதும், கடைசியில் அரங்கேற்றுவதும் எல்லாம் கோயிலோடும் ஊரோடும் சேர்ந்த காரியம். முடி அந்தக் கணக்கில் இருக்கிற பொருள். வரவேற்பறைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டது கொஞ்சம் அதிகப்படிதான்.

ஆனால் அண்ணன் ஒரு வழி சொன்னார். மார்புப் பதக்கத்தின் மாதிரியில், அதே பூவிதழ், அதே புள்ளி, அதே கண்ணாடி வைத்து ஒரு பலகை செய்து தரலாமாம். உடுப்பு வேலை அவர் கைக்குப் பழக்கம். ஒரு நிபந்தனை: "எனாமல் பெயின்ட்தான் அடிப்பன், நீங்க சொல்லுற இலைச்சாயம் பூச்சாயமெல்லாம் எனக்குத் தெரியாது." அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இயற்கை நிறம் என்றால் உயர்வு, எனாமல் என்றால் மட்டம் என்று நகரத்தில் ஒரு எண்ணம் இருக்கிறது. கூத்துக்காரர் கையில் எனாமல் வந்து எவ்வளவோ காலம். அவர்கள் கண்ணுக்கு எது பளிச்சென்று பட்டதோ அதைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

திங்கள், கல்லடி

வெக்கை தாங்க முடியவில்லை. வெளியில் போகவில்லை. இப்படிக் காய்கிற நாள் கலம்காரிக்கு நல்ல நாள்.

காலையில் டவுனுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய், மஞ்சிட்டி, படிகாரம் வாங்கி வந்திருந்தான் அக்காவின் மகன். கடைக்காரர் யாருக்கு வயிற்றுக் கோளாறு என்று கேட்டாராம். கலம்காரிக்காரியின் பெயின்ட் கடை நாட்டு மருந்துக் கடைதான். நேற்று பெரியம்மா வீட்டிலிருந்து எருமைப் பாலும் ஒரு போத்தல் வந்தது, அதற்கு வேலை இதில் இருக்கிறது.

கஞ்சி போகத் துவைத்த முரட்டுப் பருத்தித் துணியை, அரைத்த கடுக்காய் கலந்த பாலில் ஊற வைத்துப் பிழிந்து காயவிட வேண்டும். துணி இளமஞ்சளாக மாறும். கடுக்காயின் துவர்ப்புத்தான் நிறத்தைப் பிடிக்கிறது. பாலின் கொழுப்பு மையைப் பரவாமல் நிறுத்துகிறது. பேனா என்பது ஒரு மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளி சுற்றி நூலால் கட்டியிருக்கும். மையில் தோய்த்தால் கம்பளி குடித்துக்கொள்ளும்; விரலால் லேசாக அழுத்த நுனிக்கு இறங்கும்.

பெறாமகன் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தான். போத்தல் மை பார்க்கக் கறுப்பே இல்லை, சாயத் தண்ணி மாதிரி ஒரு மங்கல். "இதாலயா சின்னம்மா கீறப் போறீங்க?" என்று கேட்டான். கோடு இழுத்தேன். துணியில் பட்ட இடத்தில் முதலில் சாம்பல், அவன் வாயைத் திறப்பதற்குள் கறுப்பு. இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சந்தித்த இடத்திலேயே நிறம் பிறக்கிறது. இரண்டு வாழைக்கன்று கீறும்வரை அவன் எழும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. அக்காவுக்கு அதுதான் பெரிய அதிசயம்.

சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணியைப் பூசிக் காயவிட்டு, பிறகு மஞ்சிட்டி போட்டு அவிக்க வேண்டும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை வாங்கும். அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்த்தான் செய்வேன், அக்காவின் புதுக் குசினியில் அந்தப் பானையை ஏற்ற விடமாட்டாள்.

கீறுவது ஒரு வாசமாலை. தஞ்சாவூர்ப் பக்கம் கருப்பூரில் இந்தக் கலம்காரி வேலை கோயிலுக்கென்றே வளர்ந்தது: தேரில் தொங்கும் தொம்பை, சாமிக்கு மேலே கட்டும் அஸ்மானகிரி, வாசலுக்கு மேலே குறுக்காகக் கட்டும் வாசமாலை. 2021இல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுவரில் மாட்டும் படம் என்று பார்த்தால் கலம்காரிக்குக் காளஹஸ்தியில் நல்ல நல்ல துணிகள் இருக்கின்றன, இராமாயணம் முழுவதும் கட்டம் கட்டமாக. ஆனால் வீட்டுக்கு ஒரு துணியைத் தேர்ந்தெடு என்றால் நான் வாசமாலையைத்தான் எடுப்பேன். உள்ளே வருகிறவர் தலைக்கு மேலே அசையும். நின்று பார் என்று அதட்டாது.

செவ்வாய், மண்டூர்

குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூருக்குப் போனோம். பாலம் வந்த இடத்தில் நேரம் மிச்சம், பாதை இருக்கிற இடத்தில் கதை மிச்சம். கரையில் காத்திருந்தபோதே ஒரு பாட்டி எங்கள் ஊர், பெயர், வீடு கட்டிய செலவு எல்லாம் அக்காவிடம் கேட்டு முடித்துவிட்டார்.

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் பூசகரான கப்புகனார் வாய் கட்டித்தான் பூசை செய்கிறார், மந்திரம் இல்லை. கருவறை திரைக்குப் பின்னால். அடியார்கள் பார்ப்பது திரையைத்தான். கதிர்காமத் திரையில் மயிலின் மேல் முருகனும் இரண்டு பக்கமும் வள்ளி தெய்வானையும் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த படம். எத்தனை வீட்டுச் சாமியறையில் அதன் அச்சுப் படம் தொங்குகிறது! உள்ளே இருப்பதைக் காட்டாமல், சீலையையே கும்பிடும் பொருளாக ஆக்கிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது அக்கா கேட்டாள்: "சாமியறைக்குக் கதவு போடாம ஒரு திரை போட்டா என்ன?" நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. கதவுக்காரருக்குக் கொடுத்த முற்பணம் என்னாகும் என்று அத்தானுக்குக் கவலை.

திரை என்று முடிவானால் துணி வேண்டும். நாளை மருதமுனை.

புதன், மருதமுனை – காரைதீவு

களுவாஞ்சிக்குடி, பெரியநீலாவணை தாண்டினால் அம்பாறை மாவட்டத்தின் மருதமுனை. கல்முனை பஸ் நெடுகவும் ஆளை ஏற்றி இறக்கி ஊர்ந்தது. ஒரு கைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்தோம். சாரன் போட்டு நெய்துகொண்டிருந்த ஒரு காக்கா (முஸ்லிம் ஊர்களில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தறியை நிறுத்தாமலே தலையசைத்தார். இந்த ஊருக்குக் கைத்தறிதான் பேர் வாங்கித் தந்தது. 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. தறிச் சத்தம் திரும்ப வந்துவிட்டது.

திரைக்குச் சாயம் போடாத வெள்ளைத் துணி கேட்டதும் காக்காவுக்கு ஆச்சரியம். எல்லாரும் நிறத்துக்குத்தானே வருவார்கள். கடுக்காயில் ஊறவைக்கப் போகிறேன் என்று விளக்கினேன். துணியை விரலால் தடவி, "அப்ப பாவு நெருக்கமா வேணும் தங்கச்சி, இல்லாட்டி மை கீழ இறங்கும்" என்றார். ஒரு முறைகூடக் கலம்காரி பார்த்திராதவர். கஞ்சி குறைவாக, நெருக்கமாக ஒரு துண்டு நெய்து தர ஒப்புக்கொண்டார். பேரம் பேசவில்லை.

ஒரு சாரனின் கரையைக் காட்டினார்: கத்தரிப்பூ நிறத்தில் அகலமான பட்டி, அதற்குள் மெல்லிய மஞ்சள் இழை, திரும்பப் பட்டி. அத்தான் அதை இரண்டு எடுத்துக்கொண்டார், மெத்தைத் தலையணைக்கு உறை தைக்க. இந்தப் பயணத்தில் அத்தான் தானாகச் செய்த முதல் நல்ல காரியம். உடுக்கும் துணியை உறையாக்கலாமா என்று அக்கா முணுமுணுத்தாள். தாராளமாக ஆக்கலாம்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் வெறிச்சென்று இருந்தது; தீப்பாயும் காலத்தில் வந்தால்தான் அங்கே கால் வைக்க இடமிருக்காது. வெளியில் நின்று கும்பிட்டுவிட்டுக் காரைதீவு. அங்கே நேர்மாறு. கண்ணகி அம்மனுக்கு வைகாசிக் குளிர்த்திச் சடங்குக் காலம், சனம் குவிந்திருந்தது. விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். தமிழரின் பழைய யாழை ஆராய்ந்து எழுதிய பெரியவர் கண்ணகி வழக்குரை பாடும் கோயிலின் அயலில் வளர்ந்தார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பந்தல் முழுவதும் தென்னங்குருத்துத் தோரணமும் கமுகம்பாளையும். ஒரு துளிப் பெயின்ட் இல்லை. குருத்தோலையின் இளமஞ்சளும் மாவிலையின் கரும்பச்சையும் மாறி மாறி. இரண்டு நாளில் வாடிவிடும், அடுத்த முறை புதிதாகக் கட்டுவார்கள். குடிபூரலுக்கு வாடகைக்கு எடுக்கவிருந்த பிளாஸ்டிக் பூ அலங்காரம் அந்த இடத்திலேயே ரத்து.

காரைதீவு தாண்டி ஒரு வீட்டில் பன் பாய் இழைக்கிறார்கள் என்று மருதமுனைக் காக்கா சொல்லி அனுப்பியிருந்தார். இந்தக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் பாய் பெண்களின் கைவேலை. சதுப்பில் பன்னை அறுத்து, வெயிலில் காயவைத்து, சாயப் பானையில் அவித்து எடுத்து, பிறகுதான் இழைப்பு. முந்திப் பதங்கிக் கட்டையை அவித்துச் சிவப்பு எடுத்தார்கள். இப்போது கடையில் வாங்கும் பொடிச் சாயம். இழைக்கிறவர் இழைத்த பாய் மேலேயே இருந்து பின்னோக்கி நகர்கிறார். ஊதாவும் சிவப்பும் பச்சையும், நடுவில் கட்டம் கட்டமாக ஒரு கோலம். கடதாசியில் கீறிய மாதிரி எதுவும் பக்கத்தில் இல்லை. "எண்ணிக் கொண்டு போறதுதான்" என்றார் இழைத்துக்கொண்டிருந்த ராத்தா (அக்காவை அங்கே அப்படிச் சொல்வார்கள்).

கொழும்பில் சில வரவேற்பறைகளில் பன் பாயைச் சட்டம் போட்டுச் சுவரில் அறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. பாயில் இருந்தால்தான் அது வழுவழுப்பாகும், நிறம் இறங்கி ஒன்றோடொன்று சேரும். தூக்கி மாட்டினால் தூசி பிடித்து முறியும். ராத்தாவிடம் ஒரு பெரிய பாய் வாங்கினோம், சோபாவுக்கு முன்னால் விரிக்க. சுருட்டிய பாயைப் பஸ்ஸில் கொண்டுவந்தது தனிக் கதை. நடத்துநர் அதற்கும் டிக்கட் எடுக்கச் சொன்னார்.

லகுகலைப் பக்கம், ஹுலன்னுகேயில் வேடர் கீறிய குகைச் சித்திரங்கள் இருக்கின்றன, சாம்பலைக் குழைத்து விரலால் கீறிய வெள்ளை உருவங்கள். போக ஆசை. நேரமும் போய்விட்டது, அந்தப் பாதையில் யானையும் உண்டு. விட்டுவிட்டோம்.

வியாழன், கல்லடி

காலையில் கணக்குத் தீர்த்தோம்.

அத்தானுக்கு மதுபனிதான், அவர் ஆசையைக் கெடுப்பானேன். ஆனால் அச்சு வேண்டாம், கையால் வரைந்தது, ஒரே துண்டு, ஓரம் முழுசாக. கொழும்பில் வரவழைத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டேன். அதுவும் ஹோலில் இல்லை, அவர்கள் படுக்கையறையில். மீனும் தாமரையும் இருக்க வேண்டிய இடம் அது. ஹோலின் பெரிய சுவர் வெறுமையாகவே இருக்கட்டும் என்றேன். பாயும் உறையும் நிறைய நிறம் போடும், சுவரும் கத்தினால் வீட்டில் இருக்க முடியாது. காலை வெயிலும் நேரே விழுகிற சுவர் அது. மஞ்சள் சாயம் வெயிலுக்கு முதலில் வெளிறும், அவுரி நீலம் தாக்குப்பிடிக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை இலையெல்லாம் நீல இலையாகிவிடும்.

கடற்கரை வீடு என்பதால் சில காரியங்களை அக்காவிடம் எழுதியே கொடுத்தேன். இரும்பு ஆணி கூடாது, உப்புக் காற்றில் துரு இறங்கிச் சுவரில் கோடு விழும்; பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு. கண்ணாடி போட்டால் ஓவியத்தில் ஒட்டாமல் சுற்றிவர அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மாரியில் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். சட்டகத்தின் பின்பக்கம் சுவரில் அப்பாமல் கீழே இரண்டு தக்கைத் துண்டு, காற்றுப் போக. துணியை மடித்து வைக்கக் கூடாது, சுருட்டி, உள்ளே காய்ந்த வேப்பிலை.

கூத்துப் பலகை சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து ஒடுக்கச் சுவருக்கு. மின்காரரைக் கூப்பிட்டு அங்கே டியூப் லைட்டுக்குப் பதில் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் விளக்குக்கு வயர் இழுக்கச் சொல்லியாகிவிட்டது. சாமியறைக்குத் திரை, கதவுக்காரர் முற்பணத்துக்கு அலுமாரி செய்து தருகிறாராம். வாசலுக்கு என் வாசமாலை. விறாந்தைச் சுவருக்கு அக்கா செங்காவி அடிக்கச் சம்மதித்துவிட்டாள், ஆனால் இப்போது அவளுக்கு மகாராஷ்டிரக் குச்சி மனிதர்கள் வேண்டாமாம். பாதைக்குக் காத்திருக்கும் சனமும், வாவியில் வலை வீசுகிறவனும், பாட்டியும் வேண்டுமாம். அரிசி மாவில் கீறினால் எறும்பு வரும், வெள்ளைச் சுண்ணாம்பில் கீறுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

படுவான்கரை அண்ணனுக்குப் போன் எடுத்து பலகை அளவு சொன்னோம், இரண்டடிக்கு இரண்டடி. ஆவணிக்கு முடியுமா என்று அத்தான் கேட்டார்.

"சிறுபோக வேளாண்மை வெட்டு முடியட்டும் மச்சான். அதுக்கு முந்தி ஒண்டும் கேக்காதீங்க."

குடிபூரலுக்குப் பலகை வராமல்கூடப் போகலாம். வயரை மட்டும் இழுத்து வைப்போம்.